கேட்டுக்கு அந்தப் பக்கம் ஆறு கிலோமீட்டர்

அந்த இரும்பு கேட்டை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு பற்றி எரியும். மலையடிவாரத்து வித்துரா தாண்டி, தேயிலைத் தோட்டம் தொடங்குகிற இடத்தில், சாலைக்குக் குறுக்கே பச்சை பெயின்ட் அடித்து நிறுத்தியிருந்தார்கள். அதற்கு அந்தப் பக்கம் ஆறு கிலோமீட்டர் மேலே போனால் நாங்கள் ஏறுகிற பாறை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வரை ஜீப் பாறையின் அடிவரை போய்க்கொண்டிருந்தது. அடுத்த முறை போனபோது கேட் நிற்கிறது. யாரையும் கேட்கவில்லை, யாருக்கும் சொல்லவில்லை. வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

நாங்கள் என்றால் பெரிய படையொன்றும் இல்லை, மூன்றே பேர். ஒருவர் பாங்க்கில் குமாஸ்தா, கரமனை அக்ரஹாரத்துக்காரர். வடக்கே எங்கேயோ போய் மலையேற்றப் பயிற்சி முடித்து வந்தவர். கயிறு, கொக்கி, கிளிப் எல்லாம் அவர் சொத்து. இரண்டாவது நான். வஞ்சியூர் கோர்ட்டில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. தொப்பை குறைய வேண்டும் என்று டாக்டர் சொன்னதால் மலைக்குப் போக ஆரம்பித்தவன். தொப்பை குறையவில்லை, அது வேறு விஷயம். மூன்றாவது ஆள்தான் இந்தக் கதைக்குக் காரணம். தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே எஸ்.டி.டி. பூத் வைத்திருந்த தம்பி. நாகர்கோவில் பக்கம். சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிப் போய்விட்டது. இரும்புக் கம்பி வைத்த பூட்ஸும் கக்கத்தில் ஒரு கட்டையுமாகத்தான் நடப்பான். ஊனமுற்றவர்களுக்கான ஒதுக்கீட்டில்தான் அந்த பூத்தே அவனுக்குக் கிடைத்தது.

வக்கீலுக்காக வெளியூர்க் கட்சிக்காரர்களுக்குப் போன் பேச நான் அடிக்கடி அங்கே போவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தோளில் கயிற்றுச் சுருளோடு பஸ்ஸுக்கு நின்ற எங்களைப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, கெணத்துல எவனாவது விழுந்துட்டானா?" என்றான். விஷயத்தைச் சொன்னதும், "நானும் வந்து சும்மா பாக்கட்டா?" என்றான். பாங்க்காரர் தயங்கினார். நான்தான், வரட்டுமே, வித்துராவிலிருந்து ஜீப்தானே என்றேன்.

அன்றைக்கு நான் பாறையில் மூன்று முறை வழுக்கி விழுந்ததை அவன் கீழே உட்கார்ந்து வேடிக்கை பார்த்தான். விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, "நான் ஒண்ணு பாக்கட்டா?" என்று கேட்டான். இடுப்பில் கயிற்றைக் கட்டினோம். இருபத்தைந்து வருஷம் கட்டையை ஊன்றி ஊன்றி உரமேறின கைகள் அவை. பாறை வெடிப்பில் விரலைக் கொடுத்து, வலது காலின் பெருவிரலை ஒரு பொட்டு இடத்தில் வைத்து, உடம்பை அப்படியே மேலே இழுத்துக்கொண்டான். இடது கால் பாட்டுக்குத் தொங்கியது. நான் அரை மணி நேரம் போராடி ஏற முடியாத இடத்தைத் தாண்டி உச்சியில் போய் உட்கார்ந்துகொண்டு, "அண்ணாச்சி, டீ இருக்கா?" என்று மேலிருந்து கத்தினான். பாங்க்காரர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம், மழை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாம் போனோம். பாங்க்காரர் முதலில் ஏறி மேலே கயிற்றை மாட்டுவார். அடுத்து அவன் ஏறுவான். கீழே நின்று அவன் கயிற்றைப் பிடிப்பது என் வேலை. கை நழுவினால் என் பிடியில்தான் அவன் உயிர். ஒரு தடவைகூட என்னைத் திரும்பிப் பார்த்து, பிடித்திருக்கிறீர்களா என்று கேட்டதில்லை. ஒரு நாள் ஜீப்பில் திரும்பும்போது, "தரையிலதான் அண்ணாச்சி நான் நொண்டி. அங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல, பாத்துக்கிடுங்க" என்றான். ஆறு நாள் அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து அடுத்தவன் பேசுவதற்கு மீட்டரைப் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு ஏழாம் நாள்தான் நாள். அதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த ஏழாம் நாளுக்குத்தான் கேட் போட்டார்கள்.

"வாகனங்களுக்கு அனுமதி இல்லை. நடந்து செல்வோர் பெயர் பதிந்து செல்லலாம்" என்று போர்டு. பக்கத்தில் ஓலை வேய்ந்த ஷெட்டில் ஒரு காவலாளி. நெய்யாற்றின்கரைப் பக்கத்து ஆள், நடு வயது. அவருடைய தமிழில் பாதி மலையாளம் இருக்கும். "காட்டுக்கு நாசம் வருது சாரே. ஜீப்பில வந்து குப்பி எறியுந்நு, தீ வைக்குந்நு. அதான் மேல இருந்து ஆர்டர்" என்றார்.

நியாயம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. பாறைக்கு அடியில் உடைந்த பாட்டில்களை நாங்களே பொறுக்கியிருக்கிறோம். ஆனால் நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் ஒரு வெள்ளைக் கார் வந்து ஹாரன் அடித்தது. அதற்குப் பின்னால் ஒரு வேன். வேனுக்குள் அண்டா, குண்டா, உரித்த கோழி, நாற்காலிகள். டிரைவர் ஜன்னல் வழியாக ஒரு கடிதத்தை நீட்டினார். காவலாளி ஓடிப்போய் கேட்டைத் திறந்து சல்யூட் வைத்தார். எங்கள் முகத்தில் புழுதியை அடித்துவிட்டு இரண்டும் மேலே போயின.

"இது வாகனம் இல்லையா? பல்லக்கா?" என்று கத்தினேன்.

"அது பெரிய ஆபீஸிலேந்து லெட்டர் கொண்டு வந்நவர். கெஸ்ட்" என்றார் காவலாளி. அவர் முகத்திலும் ஒரு சங்கடம் இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். அன்று எனக்கிருந்த ஆத்திரத்தில் அந்த ஷெட்டைப் பிடுங்கி எறிந்திருப்பேன். கோழிக் குழம்புக்கு வழி விடுவார்கள், கட்டையூன்றி நிற்கிறவனுக்கு விட மாட்டார்கள். என்ன நாசமாய்ப் போன சட்டம் இது!

தம்பி காவலாளியிடம் பதிவு நோட்டை வாங்கினான். பெயரை எழுதிவிட்டு நடக்க ஆரம்பித்தான். ஏற்றமான கல் ரோடு. இரண்டு கிலோமீட்டர் போனான். அதற்குள் கட்டை உரசி உரசிக் கக்கத்தில் தோல் கிழிந்து சட்டையில் ரத்தம் தெரிந்தது. பாங்க்காரர்தான், "போதும்டா, திரும்பிடலாம்" என்று நிறுத்தினார். நாம் இரண்டு பேரும் மாற்றி மாற்றித் தூக்கிக்கொள்ளலாமே என்று நான் சொன்னதற்கு அவன் என்னை முறைத்துப் பார்த்தான்.

"என்னைய என்ன அரிசி மூட்டைன்னு நெனச்சியளா?"

அடுத்த முறை அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். கையால் சுற்றுகிற மூன்று சக்கர வண்டி ஒன்றைத் தெரிந்தவரிடம் கேட்டு வாங்கி, கண்டக்டர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி பஸ் மேல் ஏற்றி, வித்துராவிலிருந்து ஜீப்பில் கட்டி, கேட்டுக்குக் கொண்டு வந்து சேர்த்தோம். எஞ்சின் கிடையாது, புகை கிடையாது, ஹாரன்கூடக் கிடையாது. காவலாளி அதை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். ஷெட்டுக்குள் போய் ஆர்டரைப் படித்துவிட்டு வந்தார்.

"சக்கரம் மூணு உண்டல்லோ சாரே. அப்ப வாகனம் தன்னே."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தம்பி மட்டும் சிரித்தான். "அப்ப என் பூட்ஸ்ல ரெண்டு சக்கரம் மாட்டுனா சைக்கிள்னு சொல்லுவீரோ?" என்றான். காவலாளியும் சிரித்துவிட்டார். ஆனால் கேட் திறக்கவில்லை. வண்டியை மறுபடியும் ஜீப்பில் கட்டிக்கொண்டு திரும்பினோம். வழி நெடுக நான் ஏசிக்கொண்டே வந்தேன். அந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

அன்று ஜீப்பில்தான் அந்தப் புத்தி எனக்கு உதித்தது. "மனுப் போடுவோம். இவனுக்கு மட்டும் விதிவிலக்கு கேட்போம். எழுதுகிற விதத்தில் எழுதினால் கல்லும் கரையும்" என்றேன். எழுதுவதில் எனக்கு அப்படியொரு கர்வம். எனக்கு நன்றாக வேண்டும்!

என் வக்கீல் நடத்தியது பெரும்பாலும் வாகன விபத்து நஷ்டஈட்டு வழக்குகள். மனுக்களை எழுதுவது நான். அந்தத் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. கை ஒடிந்தவன் வந்தால், கை மட்டும் ஒடிந்தது என்று எழுத மாட்டோம். தானாகச் சோறு உண்ண முடியாதவன், சட்டை மாட்ட முடியாதவன், வாழ்நாள் முழுக்க அடுத்தவர் தயவில் கிடக்க வேண்டியவன் என்று எழுதுவோம். அவன் நம் முன்னால் உட்கார்ந்து அந்தக் கையாலேயே டீ குடித்துக்கொண்டிருப்பான். பரவாயில்லை, பேப்பரில் எவ்வளவு முடமோ அவ்வளவுக்குத் தீர்ப்பு. இன்னொரு பழக்கமும் உண்டு. கட்சிக்காரரிடம் வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வோம், விஷயத்தைப் பிறகு டைப் அடித்து நிரப்புவோம். அவர் படித்துப் பார்ப்பதில்லை. நாங்களும் காட்டுவதில்லை.

தம்பியிடமும் அப்படித்தான் வாங்கினேன். பூத்தில் கூட்டமான நேரம். "என்ன எழுதப் போறிய?" என்று கேட்டான். "நீ கையெழுத்தைப் போடு, மீதி என் பாடு" என்றேன். போட்டுக் கொடுத்தான்.

ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் அடித்தேன். டாக்டர் சர்டிபிகேட்டைச் சேர்த்தேன். திரும்பப் படித்தபோது எனக்கே அவன் மேல் இரக்கம் வந்துவிட்டது. இதைப் படித்துவிட்டு எந்த ஆபீசர் மாட்டேன் என்பான் என்று நினைத்துக்கொண்டேன். கேட் போட்ட வன இலாகா ஆபீஸில் நேரில் கொண்டுபோய்க் கொடுத்து சீல் வாங்கினேன்.

பிறகு நடந்ததெல்லாம் வழக்கமான கூத்து. இந்த செக்ஷனில் இருக்கிறது, அந்த செக்ஷனுக்குப் போயிருக்கிறது, சார் லீவு, சார் கேம்ப். கோர்ட்டுக்குப் போகிற வழியில் வாரத்துக்கு ஒரு தடவை அங்கே ஏறி இறங்குவேன். மழைக்காலம் வந்து போயிற்று. இதற்கிடையில் தம்பி பூத்தைத் திறப்பது தாமதமாகிக்கொண்டே வந்தது. காலையில் ஏழு மணிக்குத் திறப்பவன் ஒன்பதரைக்குத் திறந்தான். என்ன என்று கேட்டால், சும்மாதான் என்பான். மனம் விட்டுப்போய்க் கிடக்கிறான் என்று நினைத்து, ஆபீஸில் இன்னும் கொஞ்சம் சத்தம் போட்டேன்.

பதில் வந்தது. பூத் விலாசத்துக்கு, மலையாளத்தில். அவனுக்குப் பஸ் போர்டு படிக்கிற அளவுக்குத்தான் மலையாளம். கவரைப் பிரிக்காமல் எனக்காக வைத்திருந்தான். நான் கூண்டுக்கு வெளியே நின்று படித்தேன். நடக்கவோ நிற்கவோ தன்னால் முடியாது என்று மனுதாரரே எழுதிக் கொடுத்திருப்பதால், அவருடைய பாதுகாப்பைக் கருதி அவர் மலைப்பகுதிக்குள் நுழைவதற்கே அனுமதி இல்லை. ஆகவே வாகன அனுமதி என்ற பேச்சுக்கே இடமில்லை. நகல் கேட்டுக்கும் அனுப்பப்பட்டிருக்கிறது.

வாகனத்துக்கு மட்டும் இருந்த தடை இப்போது ஆளுக்கே வந்துவிட்டது. நான்தான் அதை வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

"என்ன போட்டிருக்கு அண்ணாச்சி?"

"பாதுகாப்பு இல்லையாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்" என்றேன். மனுதாரரே எழுதியிருப்பதால் என்ற வரியை விழுங்கிவிட்டேன். கோழைத்தனம்தான். கேட்டின் மேலும் ஆபீஸின் மேலும் வாயில் வந்ததைக் கொட்டினேன். அந்தச் சத்தத்தில் என் குற்றம் எனக்கே கேட்கக்கூடாது என்று எண்ணினேனோ என்னவோ.

தம்பி அதிகம் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. "வண்டி தராட்டாப் போறான் விடுங்க" என்றான். பிறகு கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னான். "நான் நடந்துருவேன் அண்ணாச்சி. அஞ்சு மாசமா காலையில நடந்து பழகுதேன். மொதல்ல சாலை பஜார் வரைக்கும்தான் முடிஞ்சுது. இப்ப சங்குமுகம் கடற்கரைக்குப் போயிட்டு பஸ்ல திரும்புதேன். கட்டைக்கு மேல ரப்பர் வச்சு துணி சுத்திட்டேன். ஆறு கிலோமீட்டருக்கு மேலயே இருக்கும், கேட்டியளா? என்னைய அவன் பாத்ததில்லைல்லா, அதான் பாதுகாப்பு அது இதுன்னு எழுதுதான். வாற ஞாயித்துக்கிழமை நேர்ல நடந்து காட்டுவோம்."

அங்கேயே, அப்போதே, உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. காவலாளிக்கு நகல் போய்ச் சேர்ந்திருக்காது, சேர்ந்திருந்தாலும் பார்த்திருக்க மாட்டார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கேட்டுக்கு இரண்டு கிலோமீட்டர் கீழே, டீக்கடை முன்னால் ஜீப்பை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டான். "கேட்டு வரைக்கும் நடந்தே வாரேன். பாக்கட்டும்" என்றான். நாங்கள் இரண்டு பேரும் பின்னால் நடந்தோம், ஜீப் எங்களுக்குப் பின்னால் ஊர்ந்து வந்தது. எங்கேயும் நிற்கவில்லை. மூச்சு வாங்கியது, ஆனால் கால் தடுமாறவில்லை. கடைசி வளைவில் காவலாளி ஷெட்டை விட்டு வெளியே வந்து நின்று பார்த்தார். அவன் பக்கத்தில் வந்ததும் உள்ளே ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"கண்டியளா?" என்றான் தம்பி.

"கண்டேன் தம்பி. ஞான் என் கண்ணால கண்டேன்" என்றார் அவர். தம்பி நோட்டுக்குக் கை நீட்டினான். அவர் கொடுக்கவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு, "பட்சே உன்னை விடக்கூடாதுன்னு ஆர்டர் வந்திருக்கு. உனக்கு நடக்கான் வய்யான்னு பேப்பர்ல இருக்கே" என்றார்.

பாங்க்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன ஓய், உளர்றீர்? இப்பதானே உம்ம கண் முன்னாடி நடந்து வந்தான்!"

"நடந்து வந்நது சரிதான். அந்தப் பேப்பர் தப்புன்னு சொல்ல எனக்கு அதிகாரம் இல்லியே சாரே. கீழே ஒப்பும் அவன் ஒப்புதானே?"

இரண்டு கிலோமீட்டர் ஏற்றத்தை ஒற்றைக் காலால் ஏறி வந்தவன் எதிரே நிற்கிறான். வியர்வை சொட்டுகிறது. அவனால் நடக்க முடியாது, ஏனென்றால் தாளில் அப்படி இருக்கிறது. இந்த நாட்டில் கண்ணுக்கு மதிப்பில்லை, சீலுக்குத்தான் மதிப்பு.

"என் கையெழுத்தா? எங்க, காட்டுங்க" என்றான் தம்பி.

காவலாளி ஆர்டரை எடுத்து வந்தார். அதோடு என் மனுவின் நகலும் பின் குத்தியிருந்தது. ஆங்கிலம் ஆனதால் தம்பி அதைப் பாங்க்காரரிடம் கொடுத்தான். "இப்ப வேண்டாம், அப்புறம் பார்க்கலாம்" என்று நான் கை நீட்டுவதற்குள் அவர் உரக்கத் தமிழில் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

"மனுதாரர் பிறவி முதலே நோயாளி. பிறர் உதவியில்லாமல் நிற்கவோ நடக்கவோ இயலாதவர். தன் சொந்தத் தேவைகளுக்குக்கூட அடுத்தவர் கையை எதிர்பார்த்து, குடும்பத்துக்குப் பாரமாக..." அதோடு பாங்க்காரரின் குரல் இறங்கியது. என்னைப் பார்த்தார். தாளை மடித்துவிட்டார்.

"முழுசும் படிங்க சார்" என்றான் தம்பி.

"வேண்டாம்டா."

"படிங்க."

அவர் படித்தார். இரண்டு பக்கமும். நான் இரக்கம் ததும்ப எழுதின ஒவ்வொரு வரியும் அந்த ரோட்டில் வந்து விழுந்தது. முடிந்ததும் தம்பி கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் மேலே போகிற ரோட்டைப் பார்த்தான்.

"வண்டி கிடைக்கணும்னுதான் அப்படி எழுதினேன். கோர்ட்டில் எல்லாருக்கும் அப்படித்தான் எழுதுவோம். மனசார இல்லடே" என்றேன்.

அவன் திரும்பினான். ஏசுவான் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ரெண்டு வருஷம் உங்க கையில கயித்தக் குடுத்துட்டு மேல ஏறியிருக்கேன் அண்ணாச்சி" என்றான். "கீழ நின்னு நீங்க என்னைய இப்படித்தான் பாத்துக்கிட்டு இருந்தியளா?"

பதிலுக்குக் காத்திருக்காமல், கட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வந்த வழியே இறக்கத்தில் நடக்க ஆரம்பித்தான். ஜீப்புக்காரர் பின்னாலேயே ஓட்டிப்போய்க் கூப்பிட்டார். அவன் ஏறவில்லை.